‘மண்ணு வேர்க்குது’: மலையில் வேலை எடுக்கும் மேஸ்திரிமாருக்கு ஒரு திறந்த மடல்

குன்னூர், கோத்தகிரி, உதகை, கூடலூர் பக்கங்களில் வேலை எடுத்துச் செய்கிற மேஸ்திரி அண்ணன்மார்களுக்கும், கான்ட்ராக்ட் எடுக்கிற தம்பிமார்களுக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். கரணை பிடித்து முப்பத்தோரு வருஷம், அதில் இருபது வருஷம் மேஸ்திரி. முட்டி தேய்ந்துபோய் இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறேன். வேலையில் இருந்தபோது வாய் திறக்காதவன் இப்போது உபதேசம் செய்கிறானே என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், அது நியாயம்தான்.

இது ஆவணி. இன்னும் ஒன்றரை மாதத்தில் ஐப்பசி மழை பிடித்துவிடும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு ஆனி, ஆடி மழைதான் பெரிய மழை. கேத்தி, குன்னூர், கோத்தகிரி பக்கம் நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும். அதற்குள் கடைக்காலையும் தடுப்புச் சுவரையும் முடித்துவிட வேண்டும் என்று எல்லா சைட்டிலும் இப்போது ஒரே ஓட்டம். தையில் பால் காய்ச்ச நாள் பார்த்துவிட்ட வீட்டுக்காரர் காலையும் மாலையும் போன் போடுவார். பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டு ஆள் வருவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். கூப்பிட்டால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு சித்தாளையும் ஒரு பெரியாளையும் தலைக்கணக்குக்கு அனுப்பிவைத்துவிட்டு, நாம் சைட்டில் நிற்கிறோம். இந்த மடல் அதைப் பற்றித்தான்.

நான் போன முதல் பயிற்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சமுதாயக் கூடம். நடத்தியவர் யார் என்பது வேண்டாம். ஒன்றரை மணி நேரம் திரையில் படம் ஓடியது. இருபது மாடிக் கட்டடம், டவர் கிரேன், இடுப்பில் பெல்ட் மாட்டி இரும்புச் சாரத்தில் நிற்கிற ஆள். நம் மலையில் வீடு ஏழு மீட்டருக்கு மேல் எழும்பவே கூடாது. சாரம் என்றால் கற்பூர மரக் கம்பும் கயிறும் பலகையும். படம் முடிந்ததும் மஞ்சள் தொப்பி கொடுத்து, போட்டோ எடுத்து, பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன்கள் நாலு பேர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழில் சொன்னது ஒன்றும் புரியாமல், மற்றவர்கள் கை தட்டும்போது சேர்ந்து தட்டினார்கள். என் தொப்பி பிறகு கோழி அடைகாக்கப் பயன்பட்டது. பொய் சொல்லவில்லை, அதில் ஒன்பது குஞ்சு பொரித்தது.

அதனால் பயிற்சி என்றாலே எனக்கு ஒரு இளக்காரம். அந்த இளக்காரத்தோடுதான் பல வருஷம் வேலை பார்த்தேன்.

குன்னூருக்குக் கீழே ஒரு சரிவில் வேலை. மேலே ஒரு வீடு இருக்கிறது, அதற்குக் கீழே நமது வெட்டு. தடுப்புச் சுவருக்காக ஒன்பதடி. படி விட்டு வெட்டினால் வீட்டுக்காரருக்கு நாலடி இடம் போய்விடும் என்று செங்குத்தாக வெட்டச் சொன்னேன். சொன்னது நான்தான், வீட்டுக்காரர் இல்லை. அள்ளிய மண்ணை லாரி வருகிறவரைக்கும் வெட்டின் மேல் ஓரத்திலேயே குவித்து வைத்தோம். நம் மலையின் செம்மண்ணை உங்களுக்குத் தெரியும். காய்ந்திருக்கும்போது கட்டிய சுவர் மாதிரி நிற்கும், நிற்கிறதைப் பார்த்து நமக்கும் தைரியம் வரும். இரண்டு நாள் தூறல் போட்டது. மூன்றாம் நாள் காலையில் ஒரு சித்தாள், என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன், வெட்டின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்:

“மேஸ்திரி, மண்ணு வேர்க்குது.”

நானும் பார்த்தேன். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கோ கசிந்து, அடியில் முத்து முத்தாக நின்றது. நான் சொன்னது இதுதான்: “பதினோரு மணிக்குள்ள ரெண்டு வரி கல்லு ஏத்திட்டா நின்னுரும், போக்கா.”

டீ வந்தது. எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள். அக்கா மட்டும் பாண்டையும் மண்வெட்டியையும் ஒதுக்கி வைத்துவிட்டு வருவோம் என்று நின்றார். பெரிய சத்தம்கூட இல்லை. சிமெண்ட் மூட்டையைத் தோளிலிருந்து இறக்குகிற மாதிரி ஒரு ‘தொப்’. இடுப்பு வரைக்கும் மண். இரண்டு பையன்கள் குதித்தார்கள், நானும் குதித்தேன். அப்படிக் குதிக்கக் கூடாது என்பது அன்றைக்குத் தெரியாது. காப்பாற்றப் போகிறவனைக் கொல்வது இரண்டாவது சரிவு. அன்று இரண்டாவது சரிவு வரவில்லை, அவ்வளவுதான். அக்காவுக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார். இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். கீரை விற்கிறார். நான் போனால் ஒரு கட்டு சேர்த்துப் போடுவார். அந்த ஒரு கட்டை வாங்கிக்கொண்டு வருவதுதான் எனக்குக் கஷ்டம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்கா எந்தப் பயிற்சிக்கும் போனவர் இல்லை. தொப்பியும் வாங்கவில்லை, போட்டோவிலும் நிற்கவில்லை. ஆனால் மண் சரியப் போகிறது என்று குழியில் நின்ற அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிய வேண்டியவன் நான். நின்று கேட்க வேண்டியவன் நான். பயிற்சிக்கு ஆள் அனுப்பும்போது நாம் யாரை அனுப்புகிறோம், யாரை மிச்சம் வைத்துக்கொள்கிறோம் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

அடுத்த வருஷம் இன்னொரு பயிற்சி. பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் நடத்தினார். படம் எதுவும் போடவில்லை. எங்களைக் கூடத்துக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி எடுத்து வைத்திருந்தார்கள். இருபது லிட்டர் பெயிண்ட் வாளியில் ஈரமண்ணை நிரப்பி, ஒவ்வொருவரையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். நமக்கு அது ஒரு பொருட்டா? எல்லோரும் சிரித்துக்கொண்டே தூக்கினோம். “இந்த வாளியில் ஐம்பது வாளி ஒரு கன மீட்டர். ஒன்றரை டன்னுக்கு மேல். ஒரு ஆள் உயரத்துக்கு ஒரு மீட்டர் அகலம் சரிந்தால் எத்தனை வாளி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். பிறகு என்னைக் குழியில் ஒரு காலை விடச் சொல்லி, மண்ணைத் தள்ளி, மண்ணை இறுக்குகிற திம்சுக் கட்டையால் நாலு இடி இடித்தார். “இப்போது காலை எடுங்கள் மேஸ்திரி.”

எடுக்க முடியவில்லை. தமாஷுக்கு இரண்டு முறை இழுத்தேன், பிறகு நிஜமாகவே இழுத்தேன். இடுப்பில்தான் பிடித்துக்கொண்டதே தவிர கால் அசையவில்லை. கூட வந்த சித்தாள்கள் இரண்டு பேர் வெறுங்கையால் தோண்டினார்கள். கால் வெளியே வரப் பதினோரு நிமிஷம். செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. அவர் எடுத்துச் சொன்னது பிறகுதான்: மண் நெஞ்சு வரைக்கும் ஏறினால், தலை வெளியே இருந்தாலும் ஆள் பிழைப்பது கஷ்டம். மூச்சு விடும்போது நெஞ்சு சுருங்குகிற இடத்தில் மண் இறங்கிக்கொள்ளும், அடுத்த மூச்சுக்கு நெஞ்சு விரிய இடம் இருக்காது. கயிற்றைக் கட்டி இழுக்கக் கூடாது, பொக்லைனைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது, முதலில் மேல் ஓரத்தில் இருக்கிற பாரத்தை விலக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு அதுவரைக்கும் யாரும் சொல்லாதது.

பயிற்சியால் பலன் உண்டா என்று அவரிடமே ஒரு நாள் டீக்கடையில் கேட்டேன். மழுப்பாமல் சொன்னார். 2006-ல் அமெரிக்காவில் ஒரு பொதுச் சுகாதார இதழில் 95 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். உட்கார வைத்துச் சொல்கிற பாடத்தைவிட, கையால் செய்து பார்க்க வைக்கிற பயிற்சிதான் மனதிலும் நிற்கிறது, விபத்தையும் குறைக்கிறது என்று முடிவு. ஆனால் 2018-ல், கட்டுமான விபத்துகளைத் தடுக்கிற வழிகளை மட்டும் எடுத்துக்கொண்டு காக்ரேன் என்கிற அமைப்பு வெளியிட்ட தொகுப்பில், பயிற்சி மட்டும் காயங்களைக் குறைத்தது என்பதற்கு நல்ல சான்று கிடைக்கவில்லை. “பயிற்சியில் ஆளுக்கு அறிவு வரும். குழியின் சரிவு அப்படியேதான் இருக்கும்” என்றார். டீக்கு அவரே காசு கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

அவர் சொன்னதை நம் சைட்டில் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பயிற்சியால் உடனே மாறியது எது தெரியுமா? சிமெண்ட் புண். கான்கிரீட் போட்ட அன்று முட்டி போட்டு வேலை செய்கிறவர்களுக்கும், பூட்ஸுக்குள் கலவை இறங்கியவர்களுக்கும் தோல் வெந்துபோவது நமக்குப் பழகிய விஷயம். ஈரச் சிமெண்ட்டுக்குச் சுண்ணாம்பைப் போலக் காரம். அதில் இருக்கிற குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையாகவே தங்கிவிடும், பிறகு கலவையைத் தொட்டாலே கை வெடிக்கும். மார்கழிக் குளிரில், தண்ணீரைத் தொடவே பயப்படுகிற ஊரில், கை கழுவாமலேயே சோறு தின்றவர்கள் நாம். பயிற்சியில் வந்த நர்ஸ் ஒருவர் இதை விளக்கிய மறுநாளே எங்கள் சித்தாள்கள் சைட்டில் ஒரு பழைய எண்ணெய் டின்னில் வெந்நீர் வைத்தார்கள். ஒரு சோப்பு. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. விறகும் சுள்ளியும் அவர்களே பொறுக்கிக்கொண்டார்கள். டைல்ஸ் அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுப்பது, தூசியில் முகத்தைத் துணியால் கட்டுவது, இதுவும் அப்படியே பிடித்துக்கொண்டது. துணி கொஞ்சம்தான் தடுக்கும், தண்ணீர்தான் வேலை செய்யும் என்பதும் அவர்களுக்குப் புரிந்தது.

மாறாதது எது? வெட்டு. அதே பயிற்சியில் அதே ஆட்கள் படி விட்டு வெட்ட வேண்டும் என்றும் கேட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் செங்குத்தாகத்தான் வெட்டினார்கள். ஏனென்றால் வெந்நீர் வைப்பது அவர்கள் கையில் இருக்கிறது, வெட்டு நம் கையில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு, அதை ஆம்பளைகள் நாம் பேசுவதே இல்லை. தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று நர்ஸ் சொன்னதற்குப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரிவில் ஒதுங்க இடமில்லாத சைட்டில் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியவர்கள். நீர்க்கடுப்பு வந்தால் அது அவர்கள் உடம்புக் கோளாறு என்று சொல்லிவிடுகிறோம். நாலு தகரம் நிறுத்தி ஒரு மறைப்பு வைக்க அரை நாள் கூலி ஆகாது. நான் வைத்ததில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1996-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்குத்தான் இருந்தது. அதில் பாதுகாப்புக் குழு வைக்க வேண்டுமென்றால் 500 பேர் வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பிலும் அந்தப் பத்து மாறவில்லை. நம் சைட்டில் எத்தனை பேர்? நான் பார்த்த அளவில் ஒரு கொத்தனார், இரண்டு பெரியாள், மூன்று சித்தாள். ஆறு. அதாவது இந்த மலையில் பெரும்பாலான குழிகளுக்கு இன்ஸ்பெக்டர் வந்து எட்டிப் பார்க்க மாட்டார். பார்க்கிற ஒரே அதிகாரி மேஸ்திரிதான். அதனால்தான் இந்த மடலை அலுவலகத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஏழு மீட்டர் விதியைச் சொன்னேன் இல்லையா, அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது மலையைக் காக்க வந்த விதி, நல்ல விதி, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மேலே ஏற முடியாது என்றதும் நாம் கீழே இறங்குகிறோம். மலையைக் குடைந்து ஒரு தளம், காருக்கு ஒரு இடம். வெட்டு ஆழமாகிக்கொண்டே போகிறது. பொக்லைனுக்கு அனுமதி வாங்கித் தாமதம் ஆவதைவிட ஆளை வைத்து வெட்டிவிடலாம் என்கிறோம். குழிக்கு வானம் என்று பெயர் வைத்த முன்னோர் என்ன நினைத்து வைத்தார்களோ, அதற்குள் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்குத்தான் பொருத்தம் தெரியும்.

2024 பிப்ரவரி 7. உதகைக்குப் பக்கத்தில் லவ்டேல் காந்தி நகர். வீட்டு வேலையில் தடுப்புச் சுவருக்காக மண் எடுத்துக்கொண்டிருந்தபோது மேலே இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் இடிந்து விழுந்து ஆறு பெண்கள் இறந்தார்கள். தை மாதம். மழை இல்லாத மாதம். யார் தப்பு என்பது கோர்ட்டு வேலை, அதற்குள் நான் போகவில்லை. அன்று சாயங்காலம் டிவியில் அந்தக் குழியைக் காட்டியபோது என் வீட்டில் யாரும் பேசவில்லை. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பக்கமெல்லாம் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனபோது அது மழையின் வேலை என்றோம். லவ்டேலுக்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

மத்தியப் பொதுப்பணித் துறை தன் ஒப்பந்தங்களில் சேர்க்கிற பாதுகாப்பு விதி ஒன்று உண்டு, அந்தப் பொறியாளர் தமிழில் எழுதிக் கொடுத்தார், இன்னும் என் டைரியில் இருக்கிறது. ஐந்தடிக்கு, அதாவது ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான வெட்டு என்றால் பக்கத்தைச் சரித்து வெட்டு, இல்லையென்றால் பலகையும் முட்டும் கொடுத்து நிறுத்து. எடுத்த மண்ணை ஓரத்திலிருந்து ஒன்றரை மீட்டரோ ஆழத்தில் பாதியோ, எது அதிகமோ அத்தனை தூரம் தள்ளிப் போடு. ஏறி வர ஏணி வை. எந்தக் காரணத்துக்காகவும் அடியில் குடையாதே. நாலே விஷயம். இதில் எது நமக்குத் தெரியாது? ஆனால் எது செய்கிறோம்? நான் மேஸ்திரியாக இருந்த காலத்தில் ஏணி வைத்தது கூட ஆள் ஏறுவதற்கு இல்லை, கல் இறக்குவதற்கு.

கூட ஒன்று நான் சொல்கிறேன், இது புத்தகத்தில் படித்தது இல்லை, கடைசி ஏழெட்டு வருஷம் செய்து பார்த்தது. நீளத்தை ஒரே மூச்சில் திறக்காதீர்கள். எட்டடி வெட்டி, அதில் சுவரை ஏற்றிவிட்டு, நடுவில் எட்டடியை அப்படியே விட்டு, அதற்கு அடுத்த துண்டை எடுங்கள். விட்ட மண்ணே முட்டுக் கொடுத்து நிற்கும். வேலை நாலு நாள் கூடும். சுவரில் நீர் வடிய ஓட்டை விடுவதை மறக்காதீர்கள், மண்ணுக்குள் தண்ணீர் நின்றால் சுவரைத்தான் தள்ளும். வேலை ஆரம்பிக்கும் முன் மேல்வீட்டுக்காரரைப் பார்த்து, தண்ணீர் எங்கே போகிறது, செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை கேளுங்கள். வெட்டின் மேல் ஓரத்தில் வாய்க்கால் மாதிரி நீளமாக ஒரு வெடிப்பு ஓடினால், உருண்டைக் கல் தானாக உதிர்ந்தால், அன்று குழிக்கு லீவு.

நாலு நாள் கூடினால் கூலி யார் தருவது? இதைத்தான் நாம் எல்லோரும் கேட்போம். ரேட் பேசும்போதே சேர்த்துப் பேசுங்கள். “செங்குத்தா வெட்டினா இந்த ரேட்டு, படி விட்டா இந்த ரேட்டு” என்று வீட்டுக்காரரிடம் இரண்டு ரேட் சொல்லாதீர்கள். இரண்டு ரேட் சொன்னால் அவர் குறைந்ததைத்தான் கேட்பார், நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். ஒரே ரேட், படி விட்ட ரேட். பக்கத்து மேஸ்திரி குறைத்துக் கேட்டு வேலையைப் பிடுங்கிவிடுவான் என்ற பயம் எனக்கும் இருந்தது. அதனால்தான் தனித்தனியாக இல்லாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இனி பயிற்சிக்குக் கூப்பிட்டால் நீங்கள் போங்கள். சித்தாள்களும் வரட்டும், அவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்புங்கள், கூலி போகிற பயிற்சிக்கு யார் மனசோடு வருவார்கள்? வடக்கிலிருந்து வந்த பையன்கள் சைட்டில் இருந்தால், அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவனை முன்னால் உட்கார வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். கூடத்தில் படம் போடுகிறவர்களிடம் குழிப் பக்கம் வரச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். பயிற்சி முடிந்து சைட்டுக்கு வந்ததும் ஆட்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு ஒன்று சொல்லுங்கள்: யாராவது மண் வேர்க்கிறது என்று சொன்னால், சொன்னவர் யாராக இருந்தாலும், அன்றைக்குத்தான் முதன்முதலாக வேலைக்கு வந்த பிள்ளையாக இருந்தாலும், எல்லோரும் மேலே ஏறிவிட வேண்டும். சரியவில்லை என்றாலும் அன்றைய கூலி முழுசாக உண்டு. பயந்தாங்கொள்ளி என்று யாரும் கேலி செய்யக் கூடாது. முதல் தடவை கேலி செய்கிறவர் பெரும்பாலும் நாமாகத்தான் இருப்போம். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் இந்த மடலைப் படித்துக் காட்டினேன். தன்னைப் பற்றி எழுதியதற்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். “நான் சொன்னது மண்ணு வேர்க்குதுன்னு மட்டும் இல்ல, ரெண்டு தடவை சொன்னேன், அதையும் எழுது” என்றார். எழுதிவிட்டேன். இரண்டு தடவை சொன்னார்.

புரட்டாசியில் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை எதுவும் இல்லை. வெட்டு எடுக்கப் போகிற சைட் எங்கே என்று சொல்லியனுப்புங்கள். வாளியும் திம்சுக் கட்டையும் நான் கொண்டுவருகிறேன். முழங்கால் குழியை நீங்கள் எடுத்து வையுங்கள், ஒரு பழைய செருப்பும் வேண்டும்.

இப்படிக்கு,
முட்டி தேய்ந்த ஒரு மேஸ்திரி,
குன்னூர்